கண்ணீர் கொட்டினாலும் கண் வறண்டதுதான்!

ஆடி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஆலந்தலையில் ஒரு பக்கம் கடல் இரைச்சல், இன்னொரு பக்கம் மேல்காத்து. தேரிக்காட்டுச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து திண்ணை, தண்ணீர்க்குடம், கொடியில் காயும் சேலை எல்லாவற்றிலும் அப்பிவிட்டுப் போகும். திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. காற்றுக்கும் உப்புக்கும் பழகிய ஜனங்கள்தான் நாங்கள். ஆனாலும் மூன்று வருஷமாக எனக்கு மட்டும் ஒரு புதுத் தொல்லை. காற்று பட்டதும் இரண்டு கண்ணிலிருந்தும் நீர் பொலபொலவென்று கொட்டும். மீன் அறுக்க உட்கார்ந்தாலும் கொட்டும், கோயிலில் ஜெபமாலை சொல்லும்போதும் கொட்டும்.

ஊரில் சும்மா இருப்பார்களா? "என்ன மைனி, வீட்ல ஏதும் சங்கடமா?" என்று கேட்டவர்கள் பாதி. "மகளுக்கு மாப்பிள்ளை அமையலியேன்னு அழுதாவ போல" என்று தாங்களே முடிவு கட்டியவர்கள் மீதி. என் வீட்டுக்காரரை ஒருவர் தனியே கூப்பிட்டு, "குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும், அனுசரிச்சுப் போங்க" என்று புத்தி சொல்லியிருக்கிறார்! பாவம், அந்த மனுஷர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

வயது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, இதெல்லாம் இருக்கும் என்று நானும் முந்தானையால் துடைத்துக்கொண்டே நாளைக் கடத்தினேன். என் கண்ணுக்கு என்ன வியாதி என்று நான் தெரிந்துகொண்டது, என் மகளின் கண்ணுக்கு வந்த ஆபத்தினால். அந்த ஆபத்துக்குப் பாதிக் காரணம் நானே. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்னொரு தாய் அதே தப்பைச் செய்யக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என் மூத்த மகள் தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி போட்டவள். அவளைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இடையில் நின்று பேசியவர், "பொண்ணு சோடாபுட்டி போட்டிருக்கும்னு நான் அவங்ககிட்ட சொல்லல" என்றார். அந்த ஒரு வார்த்தை என் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது. "எல்லாப் பிள்ளைகளும் காண்டாக்ட் லென்ஸ் போடுதுகளே, நீயும் போடேன்" என்று மகளை நச்சரித்தேன். அவளும் எனக்காகவே ஒரு கடையில் போய் வாங்கினாள். விற்றவர் அதைப் போடவும் எடுக்கவும் காட்டிக்கொடுத்தார். எப்படிப் பாதுகாப்பது என்று இரண்டு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பத்து நாள் பழகட்டும் என்று தினமும் போட்டாள். "அம்மா, சாயங்காலம் ஆனா கண்ணுல மணல் கிடக்கிற மாதிரி உறுத்துது" என்றாள். "புதுச் செருப்புகூட முதல்ல கடிக்கத்தான் செய்யும்" என்றேன் நான். வியாழக்கிழமை ராத்திரி லென்ஸை ஊறவைக்கும் மருந்து தீர்ந்துபோயிற்று. "காய்ச்சி ஆறின தண்ணிதானே, இதைவிடச் சுத்தமா என்ன வேணும்?" என்று அந்தச் சிறு டப்பியில் நானே தண்ணீரை ஊற்றி வைத்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் தாமதமாகி, களைத்து வந்தவள் லென்ஸோடேயே தூங்கிப்போனாள். "பிள்ளை தூங்கட்டும்" என்று நானும் எழுப்பவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் அலறல். வலது கண் செக்கச்செவேலென்று வீங்கிக் கிடக்கிறது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. லென்ஸைக் கழற்றிய பிறகும் வலி குறையவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறுநாள் வரப்போகிறவர்களை நினைத்துக்கொண்டு, ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு தாய்ப்பால் வாங்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அங்கே ஒரு பெண் பிரசவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் அம்மையும் பாட்டியும் கண் சிவந்தால் அதைத்தானே விட்டார்கள்!

பாலோடு திரும்பி வந்த என்னைத் தடுத்தவர் என் மாமனார். எண்பது வயது தாண்டியவர். தூத்துக்குடிக் கடலில் 1961இல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது இளைஞராக இருந்து கல்லைக் கட்டி இறங்கியவர். "மருமவளே, கண்ணுல கண்டதையும் ஊத்தாத. கண்ணு போனவன் கையில சிப்பியைக் குடுத்தா என்ன, கல்லைக் குடுத்தா என்ன? வாறவங்க இன்னொரு நாள் வருவாங்க, கண்ணு வராது. பிள்ளையைக் கூட்டிட்டு இப்பமே கிளம்பு" என்றார். அவருடைய குரலில் இருந்த கடுமை அந்தக் கரண்டியைக் கீழே வைக்கச் செய்தது. கார் பிடித்துத் திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே டாக்டரம்மா மஞ்சள் சாயம் தோய்ந்த ஒரு சிறு காகிதத்தைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கில் பார்த்தார். கருவிழியில் ஒரு சிறு புள்ளி பச்சையாக ஒளிர்ந்தது. கருவிழியில் புண்! அதிலிருந்து துளி சுரண்டி எடுத்துப் பரிசோதித்து, பாக்டீரியா கிருமி என்றார்கள். "லென்ஸ் போடுகிறவர்களுக்கு வரும் சில கிருமிகள் ஒன்றிரண்டு நாளில் கருவிழியையே அரித்துவிடும். திங்கட்கிழமை வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ" என்றார் அவர். எனக்குக் காலடியில் தரை நழுவியது.

நாலு நாள் அங்கேயே தங்கினோம். முதல் இரண்டு நாள் அரை மணிக்கொரு சொட்டு மருந்து, இரவிலும் கூட. கடிகாரத்தைப் பார்த்தபடி மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஆண்டவர் கிருபையால் பார்வை தப்பியது. கருவிழியின் ஓரத்தில் கடுகளவு தழும்பு மட்டும் இருக்கிறது. அதுவே நடுவில் வந்திருந்தால் ஆயுளுக்கும் பார்வையை மறைத்திருக்கும்.

மூன்றாம் நாள் காலையில், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்ற என்னை டாக்டரம்மா பார்த்தார். "மகளுக்குத்தான் சரியாகி வருகிறதே, ஏனம்மா அழுகிறீர்கள்?" என்றார். "நான் அழவில்லை டாக்டர், என் கண்ணே இப்படித்தான்" என்றேன். உடனே என்னையும் நாற்காலியில் உட்காரவைத்துச் சோதித்தார். அதே மஞ்சள் சாயத்தைத் தொட்டு, "கண்ணை இமைக்காமல் இருங்கள்" என்று சொல்லி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு... அதற்குள் நிறுத்திவிட்டார். "நன்றாக இருக்கிற கண்ணில் பத்து விநாடிக்குக் குறையாமல் கண்ணீர்ப் படலம் உடையாமல் நிற்கும். உங்களுக்கு நாலு விநாடியில் கிழிந்துவிடுகிறது. உங்களுக்கு இருப்பது உலர் கண்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடம் குடமாய்க் கொட்டுகிற கண்ணைப் போய் உலர்ந்த கண் என்கிறாரே!

அவர் பொறுமையாக விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். நாம் அழும்போது வருவது மட்டும் கண்ணீர் இல்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவிழியின் மேல் மெல்லிய கண்ணீர்ப் பூச்சு ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் மூன்று பங்குதான் அதன் கனம். தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்குகூட வராது. அதற்குள்ளும் வகை உண்டு. அடியில் கருவிழியோடு ஒட்டிக்கொள்ளும் வழுவழுப்பு, நடுவில் உப்பும் புரதமும் கிருமியைக் கொல்லும் சத்தும் கலந்த நீர், மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் பாடை. வழுவழுப்பும் நீரும் ஒன்றோடொன்று கலந்தேதான் இருக்கும் என்கிறார்கள் இப்போது.

அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்கிறீர்களா? இமை ஓரத்தில், ரோமத்துக்குப் பின்னால் வரிசையாக நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. 1666இலேயே இவற்றை விவரித்து எழுதிய ஜெர்மன் மருத்துவர் மெய்போம் பெயரால் இவற்றை மெய்போமியன் சுரப்பி என்கிறார்கள். மீன்குழம்பின் மேல் எண்ணெய் மிதந்து மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல இந்த எண்ணெய் மூடியிருந்தால்தான் கண்ணின் நீர் காற்றில் ஆவியாகாமல் நிற்கும். எண்ணெய் குறைந்தால் பூச்சு நடுநடுவே கிழியும், கருவிழியின் நரம்பு உறுத்தும். "ஐயோ, கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது" என்று நினைத்துக் கண்ணீர்ச் சுரப்பி திடீரென்று வெள்ளம்போலத் திறந்துவிடும். அந்த வெள்ளத்தில் எண்ணெய் இருக்காது, கண்ணிலும் ஒட்டாது. கன்னத்தில் வழிந்து போய்விடும், கண் பழையபடி காய்ந்தே கிடக்கும். என் கதை இதுதான். ஊரார் அழுகை என்று நினைத்ததெல்லாம் என் கண்ணின் தாகம்!

இது பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறதாம். மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பின் சுரப்புகள் மாறும்போது கண்ணின் எண்ணெயும் நீரும் குறையும். சர்க்கரை வியாதி, தைராய்டு கோளாறு, முடக்குவாதம் உள்ளவர்களுக்கும், சளிக்கும் அரிப்புக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் வரலாம். கண்ணோடு வாயும் எச்சில் ஊறாமல் காய்ந்து, மூட்டுவலியும் சேர்ந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். 1933இல் ஸ்வீடன் டாக்டர் ஷோகிரன் விவரித்த ஒரு தனி வியாதியாகவும் அது இருக்கலாம்.

இன்னொரு சோதனையும் செய்தார்கள். ஒரு சிறு காகிதப் பட்டையின் நுனியை மடித்துக் கீழிமையில் சொருகி, ஐந்து நிமிஷம் கழித்து எத்தனை மில்லிமீட்டர் நனைந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். 1903இல் ஷிர்மர் என்ற ஜெர்மன் டாக்டர் சொல்லிக்கொடுத்த முறை இன்றைக்கும் உபயோகத்தில் இருக்கிறது. வலி ஒன்றும் இல்லை.

சரி, மகள் கண்ணில் மணல் உறுத்தியதே, அது ஏன்? அவளுக்கும் உலர் கண்தான்! நாம் சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து தடவைபோலக் கண்ணை இமைக்கிறோம். ஒவ்வொரு இமைப்பும் கண்ணீரைப் புதிதாகப் பூசுகிறது. கம்ப்யூட்டரையோ செல்போனையோ உற்றுப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அதோடு ஏ.சி. காற்று, பஸ் ஜன்னல் காற்று. ஏற்கெனவே காய்ந்த கண்ணில்தான் நான் லென்ஸ் போடச் சொன்னேன்.

லென்ஸ் கருவிழியில் ஒட்டுவதில்லை, கண்ணீரில் மிதக்கிறது. அவ்வளவு மெல்லிய பூச்சை மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறது. கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது. கண் திறந்திருக்கும்போது காற்றிலுள்ள பிராணவாயு கண்ணீரில் கரைந்துதான் அதற்குப் போகிறது. லென்ஸ் போட்டு அதன் மேல் இமையையும் மூடித் தூங்கினால் அந்தப் பிராணவாயுவும் குறைந்து, கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி ஆகிவிடுகிறது.

இந்த மெத்தென்ற லென்ஸ் பிறந்த கதை சுவையானது. செக்கோஸ்லோவாக்கியா நாட்டு விஞ்ஞானி ஓட்டோ விக்டெர்லே 1961ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்தில் தம் வீட்டிலேயே, பிள்ளைகளின் விளையாட்டு இயந்திரச் சாமானையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து முதல் லென்ஸுகளை வார்த்தாராம். எங்கள் கடலில் கடைசியாக முத்தெடுத்த அதே வருஷம்! தண்ணீரை உறிஞ்சி மென்மையாகிற பொருள் அது. அந்தக் குணமே ஆபத்தும் ஆகிறது. எந்தத் தண்ணீரில் போட்டாலும் அதில் இருப்பதையும் வாங்கி வைத்துக்கொள்ளும். குழாய், கிணறு, குளம், கடல் எல்லாத் தண்ணீரிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். கருவிழியில் அது குடியேறினால் மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டும். தண்ணீரைக் காய்ச்சினாலும் குடத்தில் ஊற்றிக் கையால் மொண்ட பிறகு அது சுத்தமான மருந்து ஆகாது. கண்ணீருக்கு உரிய உப்பும் அதில் இல்லை. கடல்நீரோ கண்ணீரைவிட மூன்று மடங்குக்கு மேல் உப்பு. 2006இல் அமெரிக்கா, சிங்கப்பூர் முதலிய நாடுகளில் லென்ஸ் போட்டவர்களுக்குக் காளான் கிருமியால் கருவிழிப் புண் வந்து, ஒரு லென்ஸ் மருந்தையே உலகம் முழுவதும் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். வசதி நிறைந்த நாடுகளிலேயே அப்படி என்றால் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

லென்ஸ் போடும் மகளோ மருமகளோ உள்ள சகோதரிகள் இவற்றைக் கவனியுங்கள்:

1. கண் டாக்டரிடம் கண்ணீர்ப் படலத்தைச் சோதித்த பிறகே லென்ஸ் வாங்க வேண்டும். அழகுக்குப் போடும் கலர் லென்ஸுக்கும் இதே விதிதான்.

2. சோப்புப் போட்டுக் கை கழுவி, சுத்தமான துணியில் ஈரம் போகத் துடைத்த பிறகே தொட வேண்டும்.

3. தண்ணீரோ எச்சிலோ லென்ஸில் படக்கூடாது. குளிக்கும்போதும் கடலில் இறங்கும்போதும் கழற்றிவிட வேண்டும்.

4. டப்பியில் பழைய மருந்தின் மேல் புது மருந்தை ஊற்றக்கூடாது. தினமும் பழையதைக் கொட்டி, டப்பியைக் கவிழ்த்து உலரவைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கொரு முறை டப்பியையே மாற்ற வேண்டும்.

5. லென்ஸோடு தூங்கக்கூடாது. எத்தனை களைப்பாக இருந்தாலும் பிள்ளையை எழுப்பிவிடுங்கள்.

6. லென்ஸ் போட்ட பிறகு மை தீட்ட வேண்டும். ராத்திரி லென்ஸைக் கழற்றிய பிறகு மையைக் கழுவ வேண்டும். ஒருத்தி லென்ஸை இன்னொருத்தி போட்டுப் பார்க்கக் கூடாது.

7. சிவப்பு, வலி, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்கல் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே கழற்றி, அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். போகும்போது லென்ஸையும் டப்பியையும் கையில் கொண்டு போங்கள்.

லென்ஸ் போடாதவர்களும் அலட்சியமாக இருக்க வேண்டாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994இல் மூன்று மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைக் கவனித்ததில், 284 பேருக்குக் கண்ணில் முன்பே அடிபட்டிருந்தது. நெல் தூசு, ஓலைக்கீற்று, மண் இவை போதும். கிருமி கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் காளான்! சிவந்த கண்ணுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் காளான் புண் இன்னும் வேகமாகப் பரவிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எல்லாம் கிருமிக்குச் சாப்பாடாகும், அல்லது புதுக் கிருமியைக் கொண்டுவரும். தாய்ப்பால் குழந்தை வயிற்றுக்குத்தான் அமுதம்!

இனி என் வைத்தியத்தைச் சொல்கிறேன். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்துபோவதுபோல இமைச் சுரப்பியின் எண்ணெய் கெட்டியாகி அடைத்திருந்ததாம். அதற்குச் சூடுதான் மருந்து. சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, கண்ணை மூடி அதன் மேல் பத்து நிமிஷம் வைக்கிறேன். ஆற ஆற மாற்றுவேன். பிறகு இமையை ரோமப் பக்கமாக மெதுவாக நீவி விடுகிறேன். டாக்டர் எழுதிய, பதனப்பொருள் சேராத செயற்கைக் கண்ணீரை நாலு வேளை விடுகிறேன். வெளியே போனால் காற்றுக்கு ஒரு கண்ணாடி. மின்விசிறிக்கு நேரே படுப்பதை விட்டுவிட்டேன். முந்தானையால் கண்ணைத் துடைப்பதையும் விட்டேன். மீனும் மிளகாயும் பட்ட முந்தானை அல்லவா! ஒரே வாரத்தில் சரியாகிவிடவில்லை. இரண்டு மாதம் விடாமல் செய்த பிறகுதான் நிம்மதி. இந்த ஆடியில் ஒரு பயலும் என் வீட்டுக்காரருக்குப் புத்தி சொல்லவில்லை!

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்குக் கண் வறண்டால் அது நம் கண் வறட்சியைப்போல அல்ல, வைட்டமின் ஏ குறைவாக இருக்கலாம். பொழுது சாய்ந்ததும் குழந்தை தடுமாறினாலோ, வெள்ளை விழியில் சோப்பு நுரைபோலத் திட்டு தெரிந்தாலோ தாமதிக்க வேண்டாம். நம் திருச்சி மாவட்டத்தில் 15,000க்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நடத்திய ஆராய்ச்சி 1990இல் வெளிவந்தது. வாராவாரம் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்த குழந்தைகளிடையே மரணமே பாதிக்கு மேல் குறைந்தது என்று அது காட்டியது. அரசு சுகாதார நிலையத்தில் ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது வரை கொடுக்கிற வைட்டமின் ஏ மருந்தை விட்டுவிடாதீர்கள். அதோடு முருங்கைக்கீரை, மஞ்சள் பூசணி, பப்பாளி, முட்டை, மீன் எதுவும் நல்லதே.

மகள் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியவர்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே உண்மையைச் சொன்னோம். "கண்ணுல கோளாறா?" என்று கேட்டார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றுபோயிற்று. நான் நிஜமாகவே அழுதேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடும்மா, கண்ணாடி போட்ட பிள்ளையை வேண்டாங்கிறவங்க எனக்கும் வேண்டாம்" என்றாள். இப்போது அவள் கண்ணாடியோடுதான் வேலைக்குப் போகிறாள். கண்ணீர் நன்றாகச் சுரக்கத் தொடங்கிய பிறகு விசேஷ நாளில் சில மணி நேரம் லென்ஸ் போடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். போடுவதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும், நான் வாய் திறப்பதாக இல்லை.

அடுத்த மாதம் இன்னொரு வீட்டிலிருந்து வருகிறார்கள். பெண் கண்ணாடி போடுவாள் என்று இந்தத் தடவை நானே முதலில் சொல்லிவிட்டேன்.